மாதங்கியின் இரகசியம் வெளியே போன வாரம்

ஞாயிறு, 3ம் திகதி

விடிந்ததிலிருந்து மழை. பலகணியில் காயப்போட்ட சேர்ட் எல்லாம் திரும்ப நனைந்தது. பின்னேரம் ஆட்டம்.

ஆத்திரம். எழுதினால்தான் ஆறும்.

இந்த மேசை ஆட்டத்தை எங்கள் ஃபிளாட்டில் தொடங்கியவன் நான். கதை நடத்துகிறவன் நான். மற்ற இருவரும் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து பகடை உருட்டுகிறவர்கள், அவ்வளவுதான். எனக்கு நிகராகக் கதை நடத்த வெள்ளவத்தையில் ஆள் இல்லை. மாலைதீவிலிருந்துகூட ஆள் விட்டுக் கேட்டார்கள். போகவில்லை.

இப்போது அக்காவின் மகள் தர்சினி என் உலகம் முழுவதையும் ஒரு மென்பொருளில் ஏற்றி வைத்திருக்கிறாள். வரைபடம், அரசர்கள், ஊர்கள், யார் எப்போது செத்தார், எல்லாம். நல்லதுதானே என்று விட்டேன். இன்று கதைக்குள் கப்பல் கப்பித்தான் வைரவனைப் புயலோடு கொண்டுவந்து இறக்குகிறேன். இடி, அலை, பாய்மரம் முறிகிற சத்தம், எல்லாம் என் தொண்டையால்தான். தர்சினியோடு வேலை செய்கிற கொட்டாஞ்சேனை ஃபாஹிம் லப்டொப்பைப் பார்த்துவிட்டுச் சொல்கிறான்:

"அங்கிள், இந்த ஆள் மௌத்தாகிட்டாரே. போன மாசம் நீங்கதான் முதலைக்குக் குடுத்தீங்க."

தர்சினி சிரித்து மேசையில் விழுந்துவிட்டாள். முதலை விழுங்கினவன் திரும்பி வரக்கூடாதா? முதலை வாயிலிருந்து தப்பி வந்த ஆளோடு மாத்தறையில் தேத்தண்ணி குடித்தவன் நான்.

போகும்போது ஃபாஹிம்: "அங்கிளுக்குக் கஷ்டமெண்டா இனி நான் நடத்துறேன்."

என் கதிரையில் அவனா!

செவ்வாய்

தர்சினியோடு சண்டை பிடித்துக் கடவுச்சொல் வாங்கினேன்.

"மாமா, ஒவ்வொரு பக்கத்திலையும் ரெண்டு பெட்டி. மேலை எழுதினால் எல்லாருக்கும் தெரியும். கீழை எழுதினால் உங்களுக்கு மட்டும். விளங்கினதோ?"

"புறக்கோட்டையிலை முதல் கம்பியூட்டர் வந்திறங்கேக்கை பிளக் குத்தினவன் நானடி."

குசினியிலிருந்து என் மனுசி ரஞ்சி: "ஓம், பிளக் மட்டும்தான் குத்தினவர்."

அவளை யார் கேட்டது?

வியாழன்

வெயில். தலையிடி. சவரத்துக்குப் பிளேட் வாங்க வேண்டும்.

மாதங்கியை எழுதி முடித்தேன். ஃபாஹிமின் பாத்திரம் ஒரு வில்வீரன். கோட்டை எரிந்த இரவில் காணாமற்போன தங்கை மாதங்கியை ஆட்டம் தொடங்கிய நாளிலிருந்து தேடுகிறான். அன்றிரவு எதிரிக்குக் கதவைத் திறந்துவிட்டதே அவள்தான். அது என் தலைக்குள் மட்டும் இருந்த விஷயம். ரஞ்சிக்குக்கூடச் சொன்னதில்லை. வரும் ஞாயிறு மேசையில் வெடிக்க வேண்டிய குண்டு. "முந்தி வேறை மாதிரிச் சொன்னீங்க" என்று, எழுத்தில் வைத்த பிறகு ஒருத்தனும் வாய் திறக்க ஏலாது. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. சேமித்தேன்.

வெள்ளி

நாசம். மேல் பெட்டி.

அந்த மென்பொருள் எல்லோருடைய ஃபோனுக்கும் மணியடித்து, மாதங்கி பக்கத்தில் புதிய தகவல் என்று அனுப்பியிருக்கிறது. கோள்மூட்டுகிற யந்திரம். இரகசியம் எது என்று அதற்கே தெரிய வேண்டாமா!

தர்சினி ஃபோனில்: "கீழை எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனான், மாமா."

"மேலை இருக்கிறதைத்தானே மனுசன் முதல்லை காணுவான்!"

பிறகு ஃபாஹிம் எடுத்தான். ஏசுவான், திருப்பி ஏசலாம் என்று தயாராக நின்றேன். ஏசவில்லை.

"இவ்வளவு நாளும் அவளத் தேடினேனே, அங்கிள். பஸ்ல நிண்டுகொண்டு ஃபோன்ல பார்த்துத் தெரியவேண்டிய விசயமா இது? இனி ஞாயித்துக்கிழம வந்து என்ன செய்ய?"

வைத்துவிட்டான். அவன் வராவிட்டால் ஆட்டம் ஏது? நானும் தர்சினியும் எதிரெதிரே இருந்து பகடையைப் பார்த்துக்கொண்டிருப்பதா?

சனி

வழி பிடித்துவிட்டேன். அந்தப் பக்கம் முழுவதும் எதிரி பரப்பின பொய் என்று சொல்லிவிடலாம். கதவைத் திறந்தது அரண்மனைச் சமையற்காரன். குளியலறையில் சொல்லிப் பார்த்தேன், பிரமாதம்.

ரஞ்சி: "உள்ளுக்கை ஆரோடை கதைக்கிறியள்?"

ஞாயிறு, 10ம் திகதி

வந்தான். தர்சினி இழுத்து வந்தாள். லப்டொப்பைத் திறந்து முன்னால் வைத்தாள். எனக்கு அதைக் கண்டாலே கொதிக்கிறது.

"அந்தப் பக்கத்திலை இருக்கிறது..." என்று தொடங்கி நிமிர்ந்தேன். ஃபாஹிம் பகடையைக் கையில்கூட எடுக்கவில்லை. சமையற்காரன் என் நாக்கு நுனியில் நின்றான். சொல்லியிருந்தால் நம்பியிருப்பான். நான் சொல்லி நம்பாதவர் இல்லை. ஆனால் இத்தனை நாள் தேடி வந்தவனின் கையில் ஒரு சமையற்காரனைப் பிடித்துக் கொடுக்க மனம் வரவில்லை.

"மாதங்கி உனக்கு முன்னாலை நிக்கிறாள். அவளோடை கதை."

அவன் பகடையைத் தள்ளி வைத்தான். பிறகு மெதுவாக: "ஏன் தங்கச்சி கதவத் திறந்தாய்?"

மென்பொருளில் அதற்கு ஒரு வரி இல்லை. என் தலையிலும் இல்லை, சத்தியமாக. மாதங்கியாகி, வாயில் வந்ததைச் சொன்னேன்:

"தட்டினது நீயெண்டு நினைச்சன், அண்ணா."

தர்சினி எழுதுவதை நிறுத்தினாள். ஃபாஹிம் எழும்பிப் பலகணிக்குப் போனான். கீழே ரயில் ஒன்று போய் முடியும்வரை நின்றான். திரும்பி வந்து இருந்தான்.

"அடுத்த கதைய நான்தான் நடத்துவேன், அங்கிள். ஆனா இத நீங்கதான் முடிக்கோணும்."

முடிக்கிறதாம்! இவன் பல் விழுந்தாலும் முடியாத கதை என்னிடம் இருக்கிறது. மடையன்.