வலி ரெண்டுதான் என்றீர்கள்

கயல் அப்பாவுக்கு,

இருபத்திரண்டு வருஷம் உங்களை "ஏனுங்க" என்று மட்டுமே கூப்பிட்டவள் எழுதுகிறேன். இப்போதும் சில நாள் சமையலறையிலிருந்து அப்படிக் கூப்பிட்டுவிடுகிறேன். பதில் வராததில் புதிதாக ஒன்றுமில்லை, நீங்கள் டிவி பார்க்கும்போதும் வராது.

போன வாரம் நான் ஒரு துப்பாக்கி வாங்கினேன். உட்கார்ந்துகொண்டு கேளுங்கள் என்று சொல்லலாம். உங்களுக்கு இனி அதெல்லாம் தேவைப்படாது.

வருஷம் திரும்பும்வரை பண்டிகை கூடாது என்று பக்கத்து ஊர் சுகர் லேண்டில் இருக்கிற மூன்று ஆன்ட்டிகள் தனித்தனியாகப் போன் பண்ணிச் சொன்னார்கள். அதனால் ஆயுத பூஜைக்கு ஒன்றும் வைக்கவில்லை. ஆயுதம் வாங்கக் கூடாதென்று மூவரில் யாரும் சொல்லவில்லை.

வீட்டில் பத்து நிமிஷம் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. துவைத்த துணியை மறுபடி துவைக்கிறேன். கராஜுக்குப் போகிறேன், எதற்குப் போனேன் என்று நின்று யோசித்துவிட்டுத் திரும்புகிறேன். ஃப்ரீசரில் நீங்கள் பெயர் எழுதி வைத்த மான்கறிப் பொட்டலம் ஒன்று மிச்சம் இருக்கிறது. சமைக்கவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. ஒரு பொட்டலத்தை எத்தனை தடவைதான் இடம் மாற்றி வைப்பது?

ஆகஸ்டில் கயல் ஆஸ்டின் காலேஜுக்குக் கிளம்பும்போது ஆரம்பித்தது இது. "அம்மா, நவம்பர்ல ரே அங்கிள் லீஸுக்கு ஐ'ம் கோயிங். அப்பா ரைஃபிள்லதான்." உங்களோடு வேலை பார்த்து ரிட்டையரான ரே, வருஷா வருஷம் வேட்டைக்காக வாடகைக்கு எடுக்கிறாரே, அந்த மேய்ச்சல் நிலம். உங்கள் இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறாராம். கயல் வேட்டை கிளாஸ் எல்லாம் முடித்து சர்டிபிகேட்டும் வாங்கிவிட்டாள். உங்கள் பெண் என்பதில் சந்தேகமே இல்லை. முடிவு பண்ணிவிட்டுத்தான் சொல்வாள்.

அப்பா ரைஃபிள் என்றால் அந்த முந்நூறு மேக்னம். அதை நீங்கள் தேர்ந்தெடுத்த விதம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எக்செல் ஷீட் போட்டு, தோட்டாவின் சக்தியை மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தி, முதல் வரியில் இருந்ததை வாங்கினீர்கள். மூன்று பேர் சாப்பிடுகிற வீட்டுக்கு மூன்று லிட்டர் கிரைண்டர் வாங்கிய அதே முறை. அது குதிரை உயர எல்க் மானையும் கரடியையும் சாய்க்கிற துப்பாக்கி. ரே நிலத்தில் வருகிற மான் கன்றுக்குட்டி அளவுதான், அதுவும் நூறு கஜத்துக்குள் வந்து நின்று நம்மையே பார்க்கும்.

போன வருஷ ஆயுத பூஜையில் லேப்டாப், கார் சாவி, என் அல்ட்ராசவுண்ட் மெஷின், கடைசியில் அது. எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு அதன் ஸ்கோப் லென்ஸிலும் ஒரு பொட்டு வைத்துவிட்டீர்கள். லீஸில் போய்க் குறிபார்த்தால் டெக்சஸ் முழுக்கச் சிவப்பு. "சாம், உன் துப்பாக்கிக்கு அடிபட்டிருக்கு" என்றாராம், உங்கள் பெயரைச் சாம் என்று சுருக்கிவிட்ட ரே. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். அடிபட்டது துப்பாக்கிக்கு இல்லையே.

ஒவ்வொரு நவம்பரும் உங்கள் வலது தோளில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு வட்டம் இருக்கும். நானோ பிசியோதெரபிஸ்ட். "பூஜ்யம்னா வலியே இல்ல, பத்துன்னா தாங்கவே முடியாது, உங்களுக்கு எவ்வளவு?" என்று நாள் முழுக்க யாரையாவது கேட்டுக்கொண்டிருப்பவள். உங்களையும் கேட்டேன்.

"ரெண்டு. அதுவும் நீ தொட்டதாலதான் அம்மிணி."

கையைத் தலைக்கு மேலே தூக்கச் சொன்னபோது பல்லைக் கடித்துக்கொண்டுதான் தூக்கினீர்கள். பார்த்தேன். பார்த்தும் ரெண்டு என்றே வைத்துக்கொண்டேன்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு சமையலறைக்கு வந்தீர்கள். எவ்வளவு என்று கேட்டேன். "ரெண்டு. கேஸ்தான்." ஓமத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, ஃப்ரீவேயில் நாற்பது நிமிஷம் ஓட்டி, ஆபீஸ் பார்க்கிங்கில் கோட்டுக்குள் ஒழுங்காக வண்டியை நிறுத்தி, என்ஜினையும் அணைத்துவிட்டு... கதவு மட்டும் திறக்கவில்லை.

ஏனுங்க, அது ரெண்டா?

செப்டம்பரில் ஒரு வீக்எண்டு கயல் வந்திருந்தபோது ரே எங்களைத் துப்பாக்கிப் பயிற்சி மைதானத்துக்குக் கூட்டிப்போனார். கயல் மேக்னத்தை வைத்து நாலு குண்டு சுட்டாள். நாலும் இலக்கு அட்டையைப் பார்க்கவே இல்லை. தோளைத் தேய்த்தபடி, "இட்ஸ் ஃபைன்" என்றாள்.

"எவ்வளவு கண்ணு?"

"டூ. மேபி."

ரே என் முகத்தைப் பார்த்தார். துப்பாக்கியை வாங்கி, மறுபடி தோட்டா நிரப்பிக் கொடுத்தார். இரண்டு வெடித்தன. மூன்றாவது முறை 'டிக்' என்ற சத்தம் மட்டும். வெடிக்காத அந்தத் துப்பாக்கியின் குழல் ஒரு சாண் கீழே குனிந்தது. கயல் கண்ணை இறுக்கி மூடியிருந்தாள், தோள் காதுவரை ஏறியிருந்தது.

"நடுவுல மருந்தில்லாத டம்மி ஒண்ணு போட்டேன், மேம்" என்றார் ரே. "பொய் சொல்லத் தெரியாத தோட்டா இது ஒண்ணுதான். உதைக்கப்போகுதுன்னு உடம்பு முன்னாடியே பயந்துடுது. சாமுக்கும் இதேதான். சின்னக் குண்டு போடற வேற காலிபர் வாங்குடான்னு எத்தனை வருஷம் சொல்லியிருப்பேன்!"

"லாஸ்ட் இயர்?" என்று கயல் கேட்டாள். "அப்பா மிஸ் பண்ணிட்டதா சொன்னார்."

ரே தொப்பியைக் கழற்றினார். பிறகு சொன்னார். குறி தவறவில்லை, தாழ்ந்துபோய்ப் பின்னங்காலில் பட்டிருக்கிறது. மான் நொண்டிக்கொண்டே புதருக்குள் ஓடியது. நீங்கள் இருவரும் ரத்தச் சொட்டுகளைப் பார்த்துப் பார்த்து இருட்டும்வரை தேடினீர்கள். ஒரு காய்ந்த ஓடையில் சொட்டு நின்றுவிட்டது. மறுநாளும் நீங்கள் தனியாகப் போய்த் தேடினீர்களாம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பாடு வேண்டாம் என்றீர்கள். கேஸ் என்றீர்கள்.

"ஹி லைடு டு அஸ். பொய் சொல்லியிருக்கார்" என்று சொல்லிவிட்டுக் கயல் கார் பக்கம் நடந்தாள். நான் அவள் பின்னால் போகாமல், பெஞ்சில் உட்கார்ந்து உங்கள் மேக்னத்தைத் தோளில் வைத்தேன். ரே "மேம், வேண்டாம்" என்பதற்குள் சுட்டுவிட்டேன்.

"ஐயோ அம்மா!"

மைதானமே காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தது. பெரிய பெரிய தொப்பி வைத்த டெக்சஸ்காரர்கள், அதுவரை எவனும் வாய் திறந்து சொல்லாததை ஒரு தமிழ்ப் பொம்பளை கத்துகிறாள். "பத்து!" என்றேன். "பத்துக்குப் பத்து!"

கயல் ஓடி வந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரிந்திருக்காது. சட்டைக் காலரை இழுத்துக் காட்டினாள். அதே கத்தரிக்காய் நிறம்.

"எய்ட், அம்மா" என்றாள். "எட்டு."

அதன்பிறகுதான் கடைகள் ஏறி இறங்கினோம். முதல் கடையில் எனக்கும் அவளுக்கும் ஒரே பதில்தான், ரோஸ் கலர் துப்பாக்கி. "லேடீஸுக்கு இதுதான் போகுது." ரோஸ் அடித்தால் உதைக்காதா என்று கேட்டேன். கடைக்காரருக்குத் தெரியவில்லை. இன்னொரு கடையில் இறகுபோல லேசான ஒன்றைக் காட்டினார்கள். அது வேண்டாமென்று ரே கண்ணைக் காட்டினார். துப்பாக்கி எடை குறைந்தால் உதை கூடும், எடை கூடினால் உதை குறையும். உடம்பைக் குறை என்று எல்லா டாக்டரும் சொல்லும் இந்த ஊரில், எடைக்கு ஆதரவாக ஒரு வார்த்தை கேட்டது அன்றுதான்.

இருநூற்று நாற்பத்து மூன்று காலிபருக்கு உதையே இல்லை என்று சொல்லலாம், ஆனால் குண்டு சின்னது, இம்மி பிசகக் கூடாது. கடைசியில் ஆறரை மில்லிமீட்டர் க்ரீட்மோர் என்ற தோட்டா போடுகிற ஒன்றை எடுத்தோம். மேக்னம் உதைப்பதில் பாதிகூட இல்லை, இந்த ஊர் மானுக்குத் தாராளம். தோட்டாவை ஒவ்வொன்றாகக் கையால் தள்ளிப் பூட்டுகிற ரகம், அந்தத் தாழ் வழுக்கிக்கொண்டு போகிறது. தோளில் அணைக்கிற கட்டை வால்நட் மரம், கொஞ்சம் கனம். கட்டையின் நீளத்தைக் கயல் கைக்குத் தகுந்தபடி குறைத்து, முனையில் ரப்பர் மெத்தை வைத்துத் தந்தார்கள். எக்செல் போடவில்லை. தோளில் வைத்துப் பார்த்தாள், அவ்வளவுதான்.

நேற்று மறுபடி மைதானம் போனோம். ரே சொல்லாமலே டம்மி போட்டார். 'டிக்.' குழல் அசையவில்லை. மற்ற குண்டுகள் ஒரு தேங்காய் மூடிக்குள் அடங்கும்படி விழுந்திருந்தன.

"எவ்வளவு?"

கொஞ்சம் யோசித்தாள். "மூணு." நம்பினேன்.

உங்கள் மேக்னம் அலமாரியில் பூட்டியிருக்கிறது. விற்கவும் மாட்டேன், சுடவும் மாட்டோம். அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு இரண்டுக்கும் பொட்டு உண்டு. கட்டையில், தோள் படும் பக்கத்தில். லென்ஸ் பக்கம் யாரும் கை வைக்கக் கூடாது.

இன்று காலை கயல் ஆஸ்டினுக்குக் கிளம்பினாள். கார் கண்ணாடியை இறக்கி, "அம்மா, நீ எல்லாரையும் கேக்கறே. உனக்கு எவ்வளவு?" என்றாள். ரெண்டு என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நீங்கள் இருபத்திரண்டு வருஷம் சொல்லிச் சொல்லி எனக்கும் பழகிவிட்டது போலிருக்கிறது.

"ஒன்பது" என்றேன்.

என்ஜினை அணைத்துவிட்டு, கதவைத் திறந்து இறங்கி வந்தாள்.

வருகிற சனிக்கிழமை சீசன் தொடங்குகிறது. நானும் கூடப் போகிறேன். மான் பக்கவாட்டில் அசையாமல் நின்றால்தான் சுடுவாள். இல்லையென்றால் பார்த்துவிட்டு வருவோம். பட்டு ஓடினால், கிடைக்கும்வரை தேடுவோம். கிடைக்கவில்லையென்றால் கிடைக்கவில்லை என்றே வந்து சொல்வோம். அந்தக் காய்ந்த ஓடைக்கும் ஒருதரம் போய் நின்றுவிட்டு வருகிறேன், உங்கள் சார்பில். ஃப்ரீசர் பொட்டலத்தை ஞாயிற்றுக்கிழமை எடுத்துச் சமைக்கிறேன்.

இனி இந்த வீட்டில் யார் ரெண்டு என்று சொன்னாலும், தோளைத் தொட்டு இன்னொரு முறை கேட்பேன். இது உங்களுக்குச் சொல்கிற சத்தியம்.

இப்படிக்கு,
உங்களிடம் இரண்டாவது முறை கேட்காமல் விட்ட,
கயலம்மா