டிரம்ஸுக்கு நீ ஆடிய ஆட்டம்

அடியே,

நேற்று என் மகள் தன் கல்லூரியில் நடந்த ராக் கச்சேரி வீடியோவைக் கைபேசியில் காட்டினாள். மேடையில் யார் பாடுகிறார்கள் என்றே தெரியவில்லை. கீழே பிள்ளைகள் தலையை உதறி, கையை வீசி, அவரவர் இஷ்டத்துக்கு ஆடுகிறார்கள். "எப்டிமா ஆடறேன்?" என்றாள். உன் நினைப்பு வந்துவிட்டது. நீ போய் மூன்று வருடமாகிறது. உன்னிடம் சொல்ல வேண்டியதை நான் இன்னும் சொல்லவில்லை.

கள்ளக்குறிச்சியில் நாம் படித்த கல்லூரியின் ஆண்டு விழாவுக்குச் சென்னையிலிருந்து ஒரு ராக் குழு வந்திருந்தது. மைதானத்தின் நடுவே கயிறு கட்டி, ஆண்கள் அந்தப் பக்கம், பெண்கள் இந்தப் பக்கம் என்று பிரித்து, காவலுக்கு ஒரு மேடத்தையும் நிறுத்தியிருந்தார்கள். மூன்று பாட்டு சும்மா நின்று கேட்டோம். இங்கிலீஷ் பாட்டு, ஒரு எழவும் புரியவில்லை. பிறகு பாடகன் ஓய்ந்து, டிரம்ஸ்காரன் மட்டும் தனியாக அடிக்க ஆரம்பித்தான். நீ என் தோளைப் பிடித்து உலுக்கினாய். "ஏய், உங்கப்பா அடிக்கற அடிடி இது!"

அவ்வளவுதான். துப்பட்டா நுனியைப் பல்லில் கடித்தாய், முட்டியை மடக்கினாய், தோளைக் குலுக்கிக்கொண்டு இறங்கிவிட்டாய். பாடைக்கு முன்னால் நம் தெரு ஆண்கள் ஆடுகிற அதே ஆட்டம். பெண்கள் ஆடக் கூடாது. கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்தே மொத்தத்தையும் மனப்பாடம் செய்திருக்கிறாய், கள்ளி!

"இன்னாடி பண்ற, சாவு ஆட்டம்டி அது!" என்று உன் காதில் கத்தினேன்.

"ஊர்ல ஆட வுட மாட்டாங்க. இங்க யாரு கேக்கறா?"

யாரும் கேட்கத்தான் இல்லை. விடுதிப் பெண்கள் உன்னைச் சுற்றி வட்டம் கட்டிவிட்டார்கள். மேடம்கூடக் கைதட்டினார். ஒருத்தி உன்னைப் பார்த்துப் பார்த்தே ஆடிவிட்டு, மூச்சு வாங்க, "சூப்பரா கீது, எங்க கத்துக்கின?" என்றாள். நீ சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தாய்.

எனக்குத் தெரிந்துவிட்டது. சாவுக்கு மேளம் அடிக்கிறவர் என் அப்பா என்று சொல்லிவிடுவாய். எங்களுக்குச் சொந்த நிலம் இருக்கிறது, அப்பா கரும்பு போடுகிறார் என்று இரண்டு வருடமாக நான் அவர்களிடம் அளந்துவைத்திருந்தேன். உன் கையைப் பிடித்து இழுத்தேன். "நிறுத்துடி!" அந்தப் பெண்ணிடம், "டிவியப் பாத்து ஆடறா" என்றேன்.

நீ நின்றாய். டிரம்ஸ் இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, "சரி, வுடு" என்றாய். அதற்குப் பிறகு எந்த விழாவிலும் நீ ஆடவில்லை.

உன் சாவுக்கு என் அப்பாதான் அடித்தார், வயதான கையோடு. உன் தம்பி அழுதுகொண்டே ஆடினான். பெண்கள் திரும்ப வேண்டிய தெருமுனை வரை வந்தேன். கால் துடித்தது. இறங்கியிருக்கலாம். யார் பார்க்கிறார்கள் என்று ஒரு முறை திரும்பிப் பார்த்தேன், அதற்குள் உன்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்றைக்கு நீ அவ்வளவு அழகாக ஆடினாயடி. நான் வெட்கப்பட்டதெல்லாம் என்னைப் பற்றித்தான். அதைக்கூட ஒரு மாதிரி ஆற்றிக்கொள்வேன். நான் சொன்னேன் என்பதற்காக உடனே நின்றாயே, அதைத்தான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். "போடி" என்று என் கையை உதறியிருக்கலாம் நீ.