கதிரையும் பிரம்பும்

செவ்வாய், இரவு

நித்திரை வரவில்லை, சந்தோஷத்தில்!

இன்று ஒன்பதாம் தரத்தில் நிரோசன், தான் இருந்த கதிரையைத் தூக்கிப் பக்கத்தில் இருந்தவனை அடிக்க ஓங்கிவிட்டான். அவன் நிரோசனுடைய தகப்பனைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறான். வழமையாக நான்தான் முதலில் கத்துவேன். போன கிழமை திருகோணமலையில் நடந்த பயிற்சியில், ஒரு பிள்ளை கோபத்தில் அடிக்க எழும்பினால் மற்றப் பிள்ளைகளை முதலில் வெளியே அனுப்புங்கள், பிறகு மெதுவாகக் கதையுங்கள் என்றார்கள். அப்போது ஆசிரியர்கள் எல்லோரும் சிரித்தோம், நானும்தான்.

இன்று அதையே செய்தேன். அடி விழவிருந்தவனோடு முழு வகுப்பையும் வேப்பமரத்தடிக்கு அனுப்பினேன். "மகன், நான் கிட்ட வரேல்லை. கதிரையைக் கீழ வை" என்றேன். வைத்துவிட்டான்!

வகுப்பே வெளியில் நிற்பதைக் கண்டு, ஒழுக்கத்துக்குப் பொறுப்பான யோகன் சேர் பிரம்போடு ஓடி வந்தார். பிரம்பைக் கண்டதும் நிரோசனின் கை திரும்பவும் கதிரைக்குப் போனது. இதற்கு என்ன செய்வதென்று பயிற்சியில் யாரும் சொல்லித்தரவில்லை. வாசலில் குறுக்கே நின்றேன். அதே மெதுவான குரலில், "சேர், அதைக் கீழ வையுங்கோ" என்றேன். என்னிலும் எவ்வளவோ மூத்தவர்!

"என்ன ரீச்சர், எனக்கும் பாடமோ?" என்றார். ஆனால் அவருடைய குரலும் இறங்கியிருந்தது. பிரம்பைச் சுவரில் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

பள்ளி அதிபரிடம் முறையிட்டிருப்பாரோ தெரியாது. பள்ளி விடும்வரை பிரம்பை எடுக்க வரவில்லை. வீட்டுக்குப் போகும்போது நிரோசன் அதையே பார்த்தபடி கேட்டான்: "ரீச்சர், சேர் நாளைக்கு இதை எடுப்பாரோ?"

மாட்டார் என்று சொல்லிவிட்டேன். யாரைக் கேட்டுச் சொன்னேனோ!