அந்தக் கருப்பு அழுக்கில்லை

அக்கா, இன்று காலை கிணத்துக்கடவுச் சந்தையில் ஈரத் தேங்காய் நாரின் வாசம் அடித்தது. பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். உங்கள் கழுத்தில் ரத்தம் வழிந்த காலை கண்முன் வந்துவிட்டது.

நான் அந்த வீட்டுக்கு இளைய மருமகளாக வந்தபோது நீங்கள் மூத்தவர். ஓரகத்திகள் அடித்துக்கொள்வார்கள் என்று ஊரில் பேசுவார்கள். நமக்கு அந்தத் தேவையே வரவில்லை. அடிப்பதற்கு அங்கே உங்கள் கணவர் இருந்தார்.

உங்கள் கழுத்தைச் சுற்றி வெல்வெட் துணிபோல ஒரு கருப்புப் பட்டை. வயிறு பெருத்துக்கொண்டே போனது. என்னைவிடக் குறைவாகத்தான் சாப்பிட்டீர்கள். ஆனாலும் தட்டில் கை வைக்கும்போதெல்லாம், "தின்னு தின்னு எப்படி ஊதிக் கெடக்கறா பாரு" என்பார் உங்கள் கணவர், என் மச்சாண்டார். சில நாள் அந்தக் கையிலேயே அடி விழும்.

ஒரு காதுகுத்துக்குக் கிளம்பிய காலை, "இந்த அழுக்கோட நாலு பேர் முன்னால வந்து நிப்பியா?" என்று உங்களைத் தண்ணீர்த் தொட்டிக்கு இழுத்துப் போனார். முடியைப் பிடித்துத் தலையைக் குனிய வைத்துத் தேங்காய் நாரால் கழுத்தைத் தேய்த்தார். தோல் பிய்ந்து ரவிக்கை சிவந்தும் நிறுத்தவில்லை. நான் அவர் கையைப் பிடித்தேன். உதறிய வேகத்தில் துவைக்கிற கல்லில் போய் விழுந்தேன். மாமியார் வாசலில் நின்று, "நேரமாச்சு, சீக்கிரம் வாங்க" என்றார்.

கோயிலுக்கென்று சொல்லிவிட்டு மறுநாள் இருவரும் கோயமுத்தூர் பஸ் ஏறினோம். டாக்டரம்மா புண்ணைப் பார்த்து முகம் சுளித்தார். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் நிதானமாகச் சொன்னார்.

"இது அழுக்கில்லீங்க. இன்சுலின் சொல்றத உங்க உடம்பு கேக்க மாட்டீங்குது. அதனால அது இன்னும் அதிகமாச் சுரக்குது. கழுத்துல கருப்பு, வயித்துல கொழுப்பு, எடை எறங்காதது எல்லாம் அதோட சேர்ந்ததுதான். பட்டினி கெடந்து சரி பண்ண முடியாதுங்க. சோத்தக் கொறச்சு முட்டை, பயறு, காய் சேத்துக்குங்க. சாப்பிட்டு நடங்க. பாரம் தூக்குங்க."

"அப்ப நான் தின்னு கெட்டவ இல்லீங்களா?"

"இல்லீங்க."

திரும்பும்போது நீங்கள் அழவில்லை. கிணத்துக்கடவு வரும்வரை ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தீர்கள்.

அதன்பின் தோப்பில் காய் சுமக்க ஆரம்பித்தீர்கள். மாதங்கள் போகப் போக இடுப்புச் சேலை தளர்ந்தது, தோள் இறுகியது. ஒரு மத்தியானம், "எம் பணத்துல உனக்கு முட்டையா?" என்று மச்சாண்டார் தட்டை எட்டி உதைத்தார். முட்டை சுவரில் பட்டுச் சிதறியது. அவர் கை ஓங்கியதும் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கித் தள்ளினீர்கள். நடையில் விழுந்தார். அங்கே கிடந்த தென்னை மட்டையை எடுத்து, எழ முயன்றவர் தோளில் இறக்கினீர்கள். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. மாமியார் அலறினார். நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டே, "இனி என் தட்டத் தொடாதீங்க" என்றீர்கள். அப்போதும் அந்த 'ங்க' போகவில்லை.

தோள் எலும்பு கூடி வந்த பிறகு அவர் உங்கள் பக்கம் கை நீட்டவே இல்லை.

போன மழைக்காலத்தில், பொள்ளாச்சி ரோட்டோரம் நடந்துகொண்டிருந்த உங்களை லாரி ஒன்று பின்னாலிருந்து அடித்துப் போட்டது. அப்போதும் எடை முழுதாக இறங்கியிருக்கவில்லை. ஆனால் சர்க்கரை ஏறவில்லை, கழுத்து வெளுத்திருந்தது. கடைசியாக உங்களைக் குளிப்பாட்டியது நான்தான்.

எழவு வீட்டில் மாமியாரின் தங்கை, "இந்த உடம்ப வெச்சுக்கிட்டு லாரிக்கு எங்க ஒதுங்கறது" என்றார். நான் அவர் கன்னத்தில் அறைந்தேன். என் கணவர் என்னை இழுத்தார். மூலையில் உட்கார்ந்திருந்த மச்சாண்டார் எழுந்து வந்து, "சித்தி, நீங்க வெளிய போங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னார் என்பதற்காக, அவர் செய்ததையெல்லாம் மன்னித்துவிட என்னால் முடியவில்லை, அக்கா.

கோபம் ஆறிவிடும் என்கிறார்கள். விசேஷ வீட்டுப் பந்தியில் யாராவது ஒரு பெண்ணின் உடம்பைப் பார்த்துவிட்டு அவள் இலையைப் பார்த்தால், இன்றும் என் விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்குகின்றன. உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த மடங்கிய கைதான். நான் அதைப் பிரிப்பதில்லை.