மலையேறாத மருந்து

சனிக்கிழமை, மரக்காணம்.

பக்கத்துத் தெரு பஷீர் பாய் குடும்பத்தை ஊட்டியிலிருந்து கொண்டுவந்து இறக்கிவிட்டேன். போகும்போது மலையில் என் கார் இழுக்கவில்லை. பெட்ரோலில் கலக்கும் மருந்தை ஒரு பாட்டில் ஊற்றியும் பயனில்லை. பாயும், முழங்கால் வலிக்காரியான அவர் மனைவியும் இறங்கி இரண்டு வளைவு நடந்தார்கள்.

ஊட்டி மெக்கானிக் ஏர் ஃபில்டரைத் தட்டினார். எங்கள் ஊர் உப்பளத்துப் பாதையின் புழுதி கட்டிகட்டியாக விழுந்தது. “மேல காத்தே கம்மிங்க. அதையும் இது அடைச்சிருக்கு. மருந்து ஊத்தி என்ன பிரயோஜனம்?”

ஃபில்டரை நான் சுத்தம் செய்யாமல் விட்டதைப் பாயிடம் சொல்ல வாய் வரவில்லை. மலை என்றால் அப்படித்தான் என்றேன்.

இன்று வீட்டு வாசலில் இறங்கும்போது பாய் சொன்னார்: “அடுத்து கொடைக்கானல் போறோம்பா. ரெண்டு பாட்டிலா ஊத்திடு.”

“சரிங்க பாய்.”

அவர் மனைவி நொண்டிக்கொண்டே படியேறினார். பார்க்காததுபோல் டிக்கியை மூடினேன்.