குதிக்காத படகு

நவ. 1, சனி
மூட்டம், தூறல் இல்லை. அண்ணனின் ஜெட் போட்டைப் அணையின் பின்நீரில் இறக்கி ஓட்டிப் பார்த்தேன். வேகம் ஏறியதும் அதே கதை. மூக்கு தூக்கும், பட்டென்று அடிக்கும், மறுபடி தூக்கும். இடுப்பு விட்டுப்போயிற்று.

எனக்கே இப்படி. அண்ணனுக்கு முதுகெலும்பில் புற்றுநோய். தன் கையால் கட்டிய போட்டில் இன்னும் ஒரே ஒரு ரவுண்டு, அதுதான் ஆசை.

"நீ சரி பண்ணு கீதா. கார் மாதிரி வழுக்கிட்டுப் போகணும். அப்புறம் டாக்டரக் கேக்கலாம்."

அண்ணி அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்ப.

நவ. 4, செவ்வாய்
அரை நாள் லீவு. பேட்டரி, பெட்ரோல் டேங்க் எல்லாமே பின்னால், இன்ஜினை ஒட்டி. பின்பாரம்தான் கோளாறு. இரண்டையும் முன் சீட்டுக்கு அடியில் மாற்றினேன். கேபிள் எட்டவில்லை, கடைக்கு ஓட்டம். அண்ணிக்கு முட்டை வாங்க மறந்தேன்.

பின்னால் தண்ணீர் பீய்ச்சிப் போட்டைத் தள்ளும் வாயைக் கீழ்ப்பக்கமாகச் சாய்த்தேன். குதிப்பு பாதியாகக் குறைந்தது. ஆனால் இப்போது மூக்கு தண்ணீரில் குத்தி, போட் இடமும் வலமும் அலைகிறது. சாய்வு அதிகம்.

அண்ணனுக்குப் போன். "கொஞ்சம் மேல தூக்கு. பின்னாடி ரெண்டு தகடு போட்டா..." குரல் நின்றது. அண்ணி வாங்கி, "தூங்கிட்டாரு" என்றாள். முனகல் கேட்டது.

நவ. 8, சனி
நல்ல வெயில். வெல்டர் சிவண்ணா வந்து, பின்விளிம்பில் இரண்டு பக்கமும் தகடு பொருத்தினார், சற்றே கீழ்நோக்கி, பின்பக்கம் அமிழாமலிருக்க.

"ஏனக்கா இவ்ளோ அவசரம்?"

"எங்க அண்ணன் ஏறணும்."

அவர் டீ குடிக்காமலே முடித்துக் கொடுத்தார்.

அண்ணன் சொன்னபடி பீய்ச்சும் வாயைச் சற்று மேலே தூக்கிவிட்டு ஓட்டினேன். குதிக்கவில்லை. வேகத்தைக் கூட்டினேன். இல்லை. எதிர் அலையில் விட்டேன். அப்போதும் இல்லை! நடுநீரில் தனியாகக் கத்தினேன்.

சாயங்காலம் டாக்டர். புது ஸ்கேனை ரொம்ப நேரம் பார்த்தார்.
"போட் வேண்டவே வேண்டாம். எலும்பு தாங்காது. எங்க போனாலும் கார்ல படுக்க வச்சு மெதுவாக் கூட்டிட்டுப் போங்க, அவ்வளவுதான்."

அண்ணன் "சரி" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நவ. 9, ஞாயிறு
"கரை வரைக்குமாவது போலாமா?" காலையில் அவனே கேட்டான்.

அண்ணி காரை ஓட்டிவந்தாள். பின் சீட்டில் தலையணைகள், கதவு திறந்து, அவன் முகம் தண்ணீர்ப் பக்கம். நான் போட்டை எடுத்து அவன் எதிரே ஒரு முறை போய்வந்தேன். நேராக, வழுக்கிக்கொண்டு.

"எப்படிண்ணா இருந்துச்சு?"

"எப்பவும் நான்தான உள்ள இருப்பேன். வெளியிலருந்து இன்னைக்குத்தான் பாக்குறேன்." கன்னம் நனைந்திருந்தது. "அழகா இருக்கு கீதா. இன்னொரு தடவை போ."

போனேன். தூரத்தில் வளைத்துத் திரும்பியபோது கார் கிளம்பியிருந்தது. வலி வந்திருக்கும். அண்ணி ஒவ்வொரு பள்ளமாகப் பார்த்துப் பார்த்து ஓட்டுவது தண்ணீரிலிருந்தே தெரிந்தது.