பாத்ரூம் கட்டி முடித்தேன், பாப்பாத்தி

என் கண்ணு பாப்பாத்திக்கு,

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒரு வாரமாக நம்ம டீக்கடையில் ஆட்கள் வெஸ்டர்ன் டாய்லெட் மேல் உட்கார்ந்துதான் டீ குடித்தார்கள். லோடு ஆட்டோ வீட்டு மேட்டில் ஏறவில்லை; கடையிலேயே இறக்கிவிட்டான். மூடியை மூடி, சாக்கை விரித்துவிட்டேன். “ஏனுங்ண்ணா, இந்தச் சேரு நல்லா வாட்டமா இருக்குதுங்க” என்றான் பால்காரன். டீயை ஆற்றி அவன் கையில் கொடுத்தேன்.

எல்லாம் உன் மகளுக்காகத்தான். கனகாவுக்கு எட்டாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு நம்ம வீட்டுக்குத்தானே வர வேண்டும்? ராசிபுரத்துச் சம்பந்தியம்மா போனில் சொல்லிவிட்டார்கள்: “அம்மா இல்லாத ஊடுங்க. பாத்ரூமுக்குப் பனியில வாசலைத் தாண்டிப் போகோணும். எப்படீங்க அனுப்பறது?”

உன்னைத் திரும்பக் கொண்டுவர என்னால் ஆகாது. பாத்ரூமையாவது அடுப்படிக்குப் பக்கத்தில் கொண்டுவரலாம் என்று இறங்கினேன்.

கடையை மூடிவிட்டுக் கட்ட முடியுமா? பால் பொங்கும் நேரம் பார்த்துத்தான் மேஸ்திரி, “நூலைப் பிடிங்கண்ணா” என்று மேலிருந்து கத்துவார். ஓடி ஓடித் தொப்பை கரைந்துவிட்டது. நீ எத்தனை திட்டியும் கரையாத தொப்பை! ஆறு டீ கையில் இருக்கும்போது டைல்ஸ் என்ன நிறம் என்றார். ரோஸ் என்றேன். உனக்குப் பிடித்திருக்குமா?

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா கனகாவோடு பார்க்க வந்தார்கள். கனகாவைக் கடையில் உட்காரவைத்துவிட்டு அவர்களை மேலே கூட்டிப்போனேன். டைல்ஸைத் தடவினார்கள், குழாயைத் திருகினார்கள். நல்லது கெட்டது ஒரு வார்த்தை இல்லை. உள்ளே நின்றபடியே கதவையும் சாத்திப் பார்த்தார்கள்.

அதற்குள் பஸ் ஹாரன் கேட்டது. ஓடுகிற அவசரத்தில், சாத்தியிருந்த பாத்ரூம் கதவுக்கு வெளித்தாழ்ப்பாளைப் போட்டேன். குரங்குக்குப் பயந்து கண்ட கதவையெல்லாம் தாழ் போடுகிற என் கை உனக்குத் தெரியாததா?

பஸ் ஆட்களுக்கு டீ கொடுத்தேன், வடை கொடுத்தேன்.

“அத்தை எங்கப்பா?” என்றாள் கனகா.

“ஊட்டைச் சுத்திப் பாக்கறாங்க சாமி.”

பஸ் போன பிறகுதான் மேலே தட்டுகிற சத்தம் கேட்டது. போனேன். உள்ளேயிருந்து குரல் வந்தது: “ஏனுங்க சம்பந்தி, புள்ளையை இங்கயே உட்டுட்டுப் போறேனுங்க. மொதல்ல கதவைத் தொறங்க!”

திறந்தேன்.

கனகா இப்போது நம்ம வீட்டில்தான் தூங்குகிறாள். குழந்தை பிறக்கும்வரை அவளுக்கு வெந்நீர் என் கையாலேயே வைத்துத் தருவேன். இது உனக்குக் கொடுக்கிற வாக்கு. வெளித்தாழ்ப்பாளை அன்றைக்கே கழற்றிவிட்டேன். மறுநாள் காலையில் குரங்கு உள்ளே போய், சோப்பை எடுத்துக்கொண்டு, கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டது.

உன் மாமா,
கனகாவின் அப்பன்